பின்னால் வந்த பேருந்து

டிப்போவில் என்னை ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. வயது நாற்பத்தாறு. டிப்போவுக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில், மாடி வீட்டில் இருக்கிறேன். நகரப் பேருந்து ஓட்டுகிறேன். ஏரியில் பேருந்து விழுந்துவிட்டதாக எழுந்த புரளி குறித்து விசாரித்ததில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்வதாவது:

எல்லாப் பேருந்திலும் இடம் காட்டும் கருவி பொருத்தினார்கள். எந்த வண்டி எப்போது வரும் என்று நிறுத்தத்தில் உள்ள பலகை சொல்லும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் வண்டிக்கு அடுத்து வரவேண்டிய வண்டி, இன்ஜினை இறக்கி வைத்து டிப்போவில் கிடந்தது. மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றதும் மேலாளர் அதன் கருவியைப் பேட்டரியோடு கழற்றச் சொன்னார். இருக்கும் இடத்தைச் சற்றுத் தாமதமாகத் தெரிவிக்கும்படி மெக்கானிக் அதை மாற்றிய பிறகு, துணிப்பையில் போட்டு என் சீட்டுக்கடியில் வைத்தார்கள். “மார்க் குறைஞ்சா ரூட்டையே தூக்கிருவாங்க. வாயத் தெறக்காதய்யா” என்றார் மேலாளர். அதிலிருந்து நான் ஒருவனே இரண்டு பேருந்தாக ஓடினேன். பனியில் கண்ணாடியைப் பார்த்தால் பின்னால் ஏதோ வருவது போலவே இருக்கும்.

குழு ஏறிய அன்று, எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். உறவுக்காரர்களை உடனே வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு லீவு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வழியில் ஒரு நிறுத்தத்தில் என் தங்கை அப்பாவின் மூக்குக்கண்ணாடியோடு நின்றிருந்தாள். என் வண்டியில் எள் போட இடமில்லை. அவள் ஜன்னலோரம் வந்து, பலகையைக் காட்டி, “பின்னாலயே காலியா ஒண்ணு வருதாம்ண்ணா. நான் அதுல வந்துர்றேன்” என்றாள்.

உண்மை வாய் வரை வந்தது. என் முதுகுக்குப் பின்னால் நின்ற அதிகாரி, “பாத்தீங்களா, ஜனங்க நம்ப ஆரம்பிச்சுட்டாங்க” என்று சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். நான் “சரிம்மா” என்று கியரைப் போட்டேன். பாவி நான்.

அதன் பிறகு ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். அப்பா கண்ணைத் திறந்து, “பாப்பா வரல?” என்றார். “பின்னாலயே வர்றாப்பா” என்றேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை நடந்தே வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “பலகையில வந்துருச்சுன்னு போட்டுச்சுண்ணா. வெறும் ரோட்டுக்குக் கை காட்டினேன்” என்றாள்.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, பையை எடுத்துப்போய் ஏரியில் இருந்த படகில் வைத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். காற்று அதை அலுங்காமல் கொண்டுபோனது. அந்தப் பேருந்து தனியாக ஓடியது அன்றுதான். “ஐயோ, ஏரி நடுவுல பஸ்ஸு போகுதுய்யா!” என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து அலறினார்கள். அதன் பிறகு மீட்புப் படை வந்தது. உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார்கள்.

“யாருமில்ல சார். என் தங்கச்சி ஏறியிருக்கணும்” என்றேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அப்பாவிடம் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை தவிர, மற்றதெல்லாம் உண்மை.

(கையொப்பம்)