பத்து மணிப் புயல்

ஹலோ... ஆமாண்ணா, நான்தான். சொல்லு... இல்ல, ஆபீஸ்லதான் இருக்கேன். ரெண்டு நாளா வீட்டுக்கே போகல. சூரியன் இன்னும் அடங்கலையே, அடுத்த புயலும் கிளம்பிருச்சு... ம்... ம்... உங்க ஃபோர்மேனுக்கு எப்படி இருக்கு?... ரெண்டு கையுமா?... ஐயோ...

சரி, சரி. அழாத. எதுக்குக் கூப்பிட்டே, அதைச் சொல்லு.

...

என்னது? திரும்பச் சொல்லு.

...நான் எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு விசாரணையில காட்டறதுக்கா?... "எச்சரிக்கையில நேரத்தைத் தெளிவாப் போடல"ன்னா? ஏண்ணா, உனக்கே இது நல்லா இருக்கா?... இரு, இரு, நான் பேசி முடிச்சிடறேன். பத்து மணின்னு போட்டேன். ஆமா. பக்கத்துலயே உலக நேரம்னு கொட்டை எழுத்துல போட்டேன். நம்ம கடிகாரத்துக்கு அது சாயங்காலம் மூணரை மணி. சூரியப் புயலைக் கவனிக்கற எல்லா ஆபீஸும் அந்த நேரத்துலதான் எழுதும். எட்டு வருஷமா உங்க மின்சார ஆபீஸுக்கு அப்படித்தான் அனுப்பறேன். உனக்குத் தெரியாதா?

...உங்க சுவத்துல ஒட்டின தாள்ல இல்லையா? எப்படி இருக்கும்? தாள் கச்சிதமா இருக்கணும், உலக நேரம்ங்கற வரி எதுக்கு அடைசலான்னு எடுக்கச் சொன்னது யாரு?... ம். நீதானே?

...ஆமா, ஆமா, தெரியும். காலைல பத்துக்கு எல்லாரும் தயாரா நின்னீங்க. லோடைக் குறைச்சீங்க. பாதி ஊருக்குக் கரண்ட்டை நிறுத்தினீங்க. ஒண்ணும் வரல. பன்னெண்டு மணிக்கு எல்லாத்தையும் பழையபடி ஏத்திட்டு, குடும்ப குரூப்ல போட்டியே, "தங்கச்சியோட புயல் பஸ்ஸை விட்டுருச்சு"ன்னு! பதினேழு பேரு சிரிச்சாங்க. அண்ணி முதல் ஆளா. அதைப் பாத்ததும் நேரத்தை மாத்திப் படிச்சுட்டீங்கன்னு புரிஞ்சுருச்சு. உடனே கூப்பிட்டேன்... கூப்பிட்டேண்ணா! அஞ்சு தடவை. நீ கட் பண்ணே. மூணரைக்குத்தான் வரும்னு மெசேஜ் போட்டேன். அதுக்கும் ஒரு சிரிக்கற பொம்மை போட்டே... என்ன? சமாளிக்கறேன்னு நெனச்சியா?

...மூணரைக்கு வந்துச்சு. புயலால கம்பியில கூடுதல் கரண்ட் பாஞ்சு உங்க டிரான்ஸ்ஃபார்மர் சூடேறி உறுமுச்சு. எண்ணெய்ச் சூட்டைப் பாக்கப் பக்கத்துல போயி ரெண்டு கையையும் சுட்டுக்கிட்டது அந்த மனுஷன், நீ இல்ல.

...ஓ, குடும்பமா? இப்பதான் ஞாபகம் வந்துச்சா? வானத்தை வேடிக்கை பாக்கறதுக்குச் சம்பளம் வாங்கறான்னு நீ ஊரெல்லாம் சொன்னப்ப நான் குடும்பம் இல்லையா?... என் வேலை போனாலும் சோறு போட வீட்டுக்காரர் இருக்காரா? அடேங்கப்பா. ரொம்ப யோசிச்சுதான் வெச்சிருக்கே.

...யாரு? அம்மாவா? பக்கத்துலயே உக்கார வெச்சிருக்கியா? குடு.

அம்மா... ம்... சாப்பிட்டேன்... ம்... ஆமாம்மா, அவனுக்கு ரெண்டு புள்ளைங்க. எனக்கும் ஒண்ணு இருக்கும்மா... விட்டுக்குடுக்கணுமா? பொறந்ததுல இருந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்... நீ கூடவாம்மா?

...அம்மா, ஒரு நிமிஷம் கேளு. காலைல அந்த ஃபோர்மேனோட தங்கச்சி இங்க வந்திருந்தா. ஆஸ்பத்திரியில இருந்து நேரா, ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு. "எங்கண்ணன் இனிமே தன் கையால சாப்பிட முடியாதாம். எத்தனை மணிக்கு வரும்னு நீங்க சொன்னீங்க, அதை மட்டும் சொல்லுங்க"ன்னா... சொன்னேம்மா. நான் அனுப்பின தாளையும் பிரதி எடுத்துக் குடுத்துட்டேன்... இல்ல, அந்த ஃபோர்மேனோட ஆபீசர் என் அண்ணன்னு அவளுக்குத் தெரியாது. தெரியாமத்தான் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா.

...அந்தத் தாளைத் திரும்ப வாங்க முடியாதும்மா... முடிஞ்சாலும் வாங்க மாட்டேன்.

...

என்ன சொன்னே?... இனிமே வீட்டுப் பக்கமே வரக் கூடாதா?... ம்... ம்... சரிம்மா. மாத்திரையை மட்டும் வேளாவேளைக்குப் போட்டுக்கோ. நீலக் கலரு ராத்திரிக்கு... அம்மா?... ஹலோ... ஹலோ...