மூணு மணி நேரம் லேட்டாவும்

காஞ்சிபுரம் போகும் பேருந்து திருப்புலிவனம் தாண்டியபோது, என் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் கொதித்தாள்.

“எங்க நைனாவுக்குக் கொள்ளி வைக்கத் துபாய்லேர்ந்து தம்பி வந்துக்கினு இருந்தான். எங்க வூட்டுக்காரரு போனைப் பாத்து, பிளைட்டு மூணு மணி நேரம் லேட்டாவும்னாரு. பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும்னு எடுத்துட்டாங்க.”

“லேட்டாச்சா?”

“எங்க! கரெக்ட் டயத்துக்கு எறங்கிட்டான். ஓடியாந்து எரியற நெருப்பத்தான் பாத்தான்.”

“போனுக்கு எப்பிடித் தெரியுமாம்?”

“அந்தப் பிளைட்டு முக்காவாசி நாளு லேட்டாத்தான் வருதாம். அத வச்சி அன்னிக்கும் லேட்டுதான்னு கணக்கு போட்டுச்சாம். கேட்டா, பத்துல ஒரு வாட்டி தப்பத்தான் செய்யும்ன்றாரு. எங்க நைனா இன்னா, பத்து வாட்டியா சாவாரு?”