பதினான்கு நாள் ஒட்டிய பட்டை

பஸ் ஓட்டுகிறவனுக்கு ஐம்பது வயதுக்குள் முதுகு போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. இருபத்தாறு வருடத்தில் என் வண்டியில் ஒரு பயணிக்குக் கீறல்கூட விழுந்ததில்லை. விசாரிக்க வந்த நீங்கள் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் டிப்போவில் டீ குடிக்கும்போது வலது கை மரத்து டம்ளர் நழுவியது. வாய் கோணியது. இரண்டு நாளில் தேறிவிட்டேன். மூளைக்குப் போகும் ரத்தத்தில் அடைப்பு என்றார் டாக்டரம்மா. கழுத்து ரத்தக்குழாய், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்தும் காரணம் சிக்கவில்லை.

"இதயம் எப்பவாவது தாளம் தப்பினா அங்க ரத்தம் கட்டி மூளைக்குப் போகும். அஞ்சு நிமிஷ ஈசிஜில அது மாட்டாது," என்று ஒரு பட்டையைக் கொடுத்தார். வீட்டில் குளித்துவிட்டு நெஞ்சில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பதினான்கு நாள் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும். முடிவு வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. அதில் கோளாறு தெரிந்தால் வேலை போய்விடும் என்று நினைத்தேன்.

அன்றைக்கே தம்பி வீட்டுக்குப் போனேன். எலக்ட்ரீஷியன். மூன்று மாடி ஏறினாலும் மூச்சு வாங்காதவன். விஷயத்தைச் சொன்னேன்.

"உனக்கு வேலை முக்கியம்ணா. என் நெஞ்சுல ஒட்டு," என்று சட்டையைக் கழற்றினான். தோள் பிடிப்புக்குப் பிளாஸ்திரி என்று அவன் மனைவியிடம் சொல்லிவிட்டோம்.

பட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகு டாக்டரம்மா சிரித்த முகத்தோடு கூப்பிட்டார். "மாட்டிக்கிச்சு. ஒன்பதாவது நாள் ஆறு மணி நேரம் தாளம் தப்பியிருக்கு. இந்த மாத்திரைய விடாம சாப்பிட்டா ரத்தம் கட்டாது. நீங்க வண்டி ஓட்டலாம்."

தம்பி கேட்டான்: "என்னண்ணா, என் நெஞ்சு என்ன சொல்லுச்சு?"

"குதிரை மாதிரி ஓடுதுடா," என்றேன். சிரித்தான்.

தம்பியை வேறு டாக்டரிடம் அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். அவன் மனைவி துருவித் துருவிக் கேட்பவள். இரண்டே கேள்வியில் பட்டை விவகாரம் வெளியே வந்திருக்கும். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. அதன் பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நான் மறைக்கவில்லை, தள்ளிப்போட்டேன்.

மாத்திரையை நான் சாப்பிடவில்லை. அது என் இதயத்துக்கு எழுதியதல்லவே. மாதாமாதம் வாங்கி டிப்போ குப்பைத்தொட்டியில் போட்டேன். வாங்காவிட்டால் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வரும். எனக்கு ஏன் அடைத்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரியாமலேயே தினமும் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போனேன். ஒருநாளும் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில்லை.

பட்டை ஒட்டிய ஏழாம் மாதம் தம்பி ஏணியடியில் விழுந்து கிடந்தான். வலது பக்கம் செயலிழந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அதே டாக்டரம்மா, அதே சோதனைகள். "இவருக்கும் காரணம் தெரியல," என்று என்னிடம்தான் சொன்னார். தலையாட்டினேன். அவர் பட்டையை எடுத்து ஒட்டப் போனபோது தம்பி மனைவி கேட்டாள்:

"இதத்தானே போன வருஷம் தோள் பிடிப்புக்குப் போட்டிருந்தாரு?"

அப்படித்தான் நீங்கள் வந்தீர்கள்.

எல்லோரும் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள். எதற்கு? சட்டையைக் கழற்றியது அவன். நேற்றுகூட அவன் கட்டிலருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், போகட்டும். தம்பி இதுவரை என்னைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.