உறை பிரிக்காத பயிற்சிப் புத்தகம்

எனக்கு வயது 47. சந்தைத் தெருவில் தையற்கடை வைத்து, அதன் பின்கட்டிலேயே குடியிருக்கிறேன். எல்லோருக்கும் நான் தையல்காரம்மா. என் மீதுள்ள புகார் பற்றிக் காவல் நிலையத்தில் விசாரித்ததில் சொல்வதாவது:

மனிதர்களிடம் புது மருந்தைச் சோதிக்கலாமா என்று முடிவு செய்யும் மருத்துவமனை நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் சார்பில் உறுப்பினராக இருந்தேன். சேர்ந்த வாரமே பயிற்சிக்கு அழைத்தார்கள். குழுச் செயலாளரான டாக்டர் எங்கள் ஏழு பேருக்கும் நாலைந்து ஸ்லைடு காட்டினார், அதன் பிறகு புகைப்படம் எடுத்தார்கள், அதன் பிறகு சாப்பாடு வந்தது. தேர்வு எப்போது என்று கேட்டேன்.

"அதெல்லாம் கிளார்க் டிக் அடிச்சிடுவார், நீங்க சாப்பிடுங்கம்மா" என்றார்.

கை கழுவி வருவதற்குள் என் சான்றிதழ் தயார். இருபதுக்கு இருபது. சட்டைக்குக் காஜா எடுக்கவே எனக்கு ஆறு மாதம் கற்றுக்கொடுத்தார்கள்.

சென்ற ஆண்டு மூட்டுவலி மருந்துச் சோதனை ஒன்று வந்தது. நோயாளி கையொப்பமிடும் ஒப்புதல் படிவம் பதினாலு பக்கம். பார்வை பாதிக்கப்படலாம் என்பது பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. முதல் பக்கத்தில் பெரிதாகப் போட வேண்டாமா என்று கேட்டேன்.

"டாக்டருங்க ஆறு பேர் பாத்தாச்சு, உங்களுக்கு என்னம்மா புரியப்போகுது?" என்றார் செயலாளர். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒப்புக்குச் சப்பாணிதானே என்று வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு பஸ் ஓட்டுநரான என் தம்பி, மூட்டுவலிக்காரன், என்னிடம் சொல்லாமலே அந்தச் சோதனையில் சேர்ந்து, நாலாவது மாதம் பணிமனையில் சுவர் தெரியாமல் பஸ்ஸை மோதினான். இப்போது அவனுக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது. படிவத்தைப் படித்தாயா என்று கத்தினேன்.

"நீ கையெழுத்துப் போட்டிருக்கேன்னு சொன்னாங்கக்கா. அதுக்கு மேல நான் என்னத்தப் படிக்கணும்?" என்றான்.

அன்றே செயலாளர் அறைக்குப் போய், எங்களுக்குத் தராமலே விட்ட பயிற்சிப் புத்தகத்தைக் கேட்டேன். பீரோவில் ஏழும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தன. அங்கேயே கிழித்துப் படித்தேன். படிவம் சாதாரண ஆளுக்குப் புரியாது என்று பொதுமக்கள் உறுப்பினர் சொன்னால், திருத்தும்வரை சோதனையைத் தொடங்கக் கூடாது என்று நாலாம் பாடத்தில் இருந்தது. என் ஒரு வார்த்தை போதும் என்பது அந்த ஆளுக்கு அன்றைக்கே தெரியும். புத்தகத்தை அவர் முகத்தில் எறிந்தது நான்தான். மூக்குக் கண்ணாடி உடைந்ததும் உண்மை. எனக்கு அதில் வருத்தமில்லை.

புகாரில் கண்ணாடி மட்டும்தான் இருக்கிறது. படிக்காமல் சான்றிதழ் வாங்கியதும், வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டதும் என் குற்றம், அதையும் எழுதுங்கள் என்றேன்.

"அது இந்தக் கேஸ்ல வராதும்மா" என்றார் எழுதிக்கொண்டிருந்த காவலர்.

எழுதினால்தான் கையெழுத்து என்றேன். எழுதினார்.

மேலே உள்ளதை வரிவரியாக நானே படித்தேன். எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது. இந்தத் தடவை புரிந்து கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)