கடைசிப் பக்கத்து நிழல்

ராத்திரி பத்தே முக்கால். எஜுரா ஊருக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் தேக்கு மரங்கள்... முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை. மோட்டார் பைக்கில் ஒருவன் மட்டும் வருகிறான். முதுகில் ஒரு பை. அதற்குள் குமாசி டவுனில் வாங்கிய புது டோனர், பிரிண்டருக்கான மைத்தூள்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் எப்படியும் விடியும்வரை வராது. வறுத்த வாழைப்பழத் தட்டை நடுவில் வையுங்கள், யார் கை நடுங்குகிறது என்று பார்க்கலாம். இது காற்றுவாக்கில் வந்த கதை இல்லை. நம் ஒடூரோவின் அண்ணன் அம்பாடுவுக்கு நடந்தது. ஒடூரோ இருந்தால் சொல்ல விடமாட்டான். அவன் வராத ராத்திரியாகப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அம்பாடுவுக்கு மாம்போங் ஊரைத் தாண்டி ஒரு சந்திப்பில் கடை. பிரிண்டர் பழுது பார்ப்பான், அச்சும் போட்டுக் கொடுப்பான். பள்ளிக்கூடம், பேங்க், மாதா கோயில்... எங்கே பிரிண்டர் படுத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனே சொல்வான், பிரிண்டர் மனிதனுடைய அவசரத்தை மோப்பம் பிடிக்கும் பிராணி என்று. நிதானமாக இருந்தால் ஓடும். வேர்த்து நின்றால் படுத்துக்கொள்ளும்.

அன்றைக்கு அவனுக்கு வேர்த்துத்தான் இருந்தது. அவன் மாமியார் அக்யாவுக்கு மறுநாள் சனிக்கிழமை அடக்கம். நம் வழக்கப்படி ஐந்து வாரமாகப் பிணவறையில் வைத்திருந்த உடலை விடியற்காலை நாலு மணிக்குக் கொண்டுவந்து, வீட்டில் அலங்கரித்துக் கிடத்துவார்கள். ஐந்து மணிக்கு ஊர் வரும். வருகிறவர் கையில் எல்லாம் நினைவு மலர் இருக்க வேண்டும். நானூறு பிரதி. அது மாப்பிள்ளை பொறுப்பு.

மற்றப் பக்கங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. அதுதான் பிள்ளைகளின் பக்கம். மேலே மூத்தவர் டான்சோ, நடுவில் அடோமா, கீழே கடைக்குட்டி செர்வா. ஒவ்வொருவருக்கும் ஒரு படம், பக்கத்தில் அம்மாவுக்கு நாலு வரி. செர்வாதான் அம்பாடுவின் மனைவி. எட்டு மாதக் கர்ப்பிணி.

வயிற்றுப் பிள்ளைக்காரி பிணத்தின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தில் பெரிய கட்டுப்பாடு. அதனால் செர்வாவுக்கு அம்மாவின் தலைமாட்டில் நிற்க இடமில்லை. அழுது புலம்ப இடமில்லை. அந்தச் சாவில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு படமும் நாலு வரியும்தான்.

பைக்கை நிறுத்திவிட்டு அம்பாடு கடையைத் திறந்தான். விளக்கைப் போட்டான். பழைய டோனரைக் கழற்றிப் புதியதை மாட்டினான். முதல் தாள் வந்தது... சூடாக, சுத்தமாக. பத்துத் தாள் போனது. பதினோராவது தாளின் அடி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை.

தாள் ஈரமாக இருந்தால் இப்படி வரும். வேறு தாள் கட்டை எடுத்து, விசிறி விட்டு வைத்தான். மறுபடியும் கறை. மிஷினுக்குள் இருக்கும் உருளையைத் துடைத்தான். மறுபடியும். புது டோனரைக் குலுக்கி, கழற்றி, மாட்டினான். இப்போது கறைக்கு உருவம் வந்திருந்தது. ஒரு தலை, தலையில் துணிக்கட்டு, கொஞ்சம் தோள்.

பயப்படவில்லை அம்பாடு. உருளை தேய்ந்தால் முன்னால் அச்சான படமே மங்கலாக இன்னொரு முறை விழும். தொழிலில் இருப்பவனுக்கு அது தலைவலி மாதிரி, தெரிந்த நோய். உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் நிழல் ஒரு முறை விழும். எனவே நிழல் விழும் இடம் மாறவே மாறாது. அளந்து பார்த்தால் எந்த உருளை என்று சொல்லிவிடலாம். ஸ்கேலை எடுத்தான்.

உருவம் விழுந்த முதல் தாளில் நிழலின் தலை அடி ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை. அடுத்த தாளில் இரண்டரை. அதற்கடுத்து மூன்று.

திரும்ப அளந்தான். தாள்களை வரிசையாக மேசையில் பரப்பினான். நிழல் ஏறிக்கொண்டிருந்தது... செர்வாவின் படத்தை நோக்கி.

அப்போதுதான் வாசனை வந்தது. அச்சடித்த தாளில் சுட்ட பிளாஸ்டிக் வாசனைதான் வரும். இது வேறு. ஃபுளோரிடா வாட்டர். நம் ஊரில் பிணத்தைக் குளிப்பாட்டி வாசனைத் தண்ணீரால் துடைக்கிறார்களே... அந்த வாசனை. தாளை மூக்கருகே கொண்டுபோனான். தாளிலிருந்துதான் வந்தது.

ஒரு பள்ளிக்கூடப் பரீட்சைத் தாளை எடுத்து அடித்துப் பார்த்தான். சுத்தம். வெற்றுத் தாளை ஓடவிட்டான். பால் மாதிரி வெள்ளை. மலரின் முதல் பக்கத்தை, மாமியாரின் படம் இருக்கிற பக்கத்தை அடித்தான். அதுவும் சுத்தம். இந்த ஒரு பக்கத்தில்தான் வந்தது.

முதல் பக்கத்தையும் நிழலையும் அருகருகே வைத்தான். மாமியாரின் தலைத்துணி முடிச்சு இடது காதுக்கு மேலே. நிழலிலும் இடது காதுக்கு மேலே. படத்தில் அக்யா இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். ஏறி வந்த நிழலில் இப்போது ஒரு கையும் தெரிந்தது. அது மடியில் இல்லை. மேலே நீண்டிருந்தது.

போன் அடித்தது. அம்பாடு துள்ளி விழுந்தான். மாமியாரின் தம்பி ஒபிரி. நம்மவர்களில் தாய்மாமன் வார்த்தைதான் வீட்டில் கடைசி வார்த்தை என்று உங்களுக்குத் தெரியாதா?

"என்ன மாப்ளே, புஸ்தகம் ரெடியா? இல்ல மை காயலயா?"

"ஆயிட்டிருக்கு மாமா. மிஷின்ல சின்ன கோளாறு."

"மிஷின் டாக்டர் வீட்டு மிஷினுக்கே கோளாறா? நல்லா இருக்கே! சரி, ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கோ. சாகக் கிடந்தப்போ எங்கக்கா செர்வா செர்வான்னு உசுரை விட்டா. உனக்கு நானே போன் போட்டேன். உம் பொண்டாட்டி வரல. அதை நான் மறக்கல. காலைல மலராச்சும் வந்து சேரட்டும்."

போன் வைக்கப்பட்டது. 

மாமா சொன்ன அந்த போன் உண்மைதான். ஐந்து வாரம் முன்னால், நல்ல மழையில், ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தது. கர்ப்பிணியைப் பைக்கில் ஏற்றி அந்தச் சாலையில் போவதா என்று அம்பாடு யோசித்தான். விடிந்ததும் போகலாம் என்று படுத்துவிட்டான். தூங்கிக்கொண்டிருந்த செர்வாவை எழுப்பவே இல்லை. விடியற்காலை சாவுச் செய்திதான் வந்தது. அம்மா கூப்பிட்டது இன்றுவரை செர்வாவுக்குத் தெரியாது. சொல்லாதது இவன். கெட்ட பெயர் அவளுக்கு. இது நல்லவன் செய்கிற தப்புதான், ஆனால் தப்பு தப்புதானே.

கிர்ர்ர்... என்று மிஷின் ஒரு தாளை இழுத்தது. இவன் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. பாதி உள்ளே போய் நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு.

தாள் சிக்கினால் முதலில் மின்சாரத்தைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினான். பிளக்கை ஒரு கையிலேயே வைத்துக்கொண்டான். மூடியைத் திறந்து, கிழியாமல், தாள் போகிற திசையிலேயே மெதுவாக இழுத்தான். ஆயிரம் தடவை செய்த வேலை. ஒரு விரல் நீளம் வந்தது.

பிறகு உள்ளே போனது.

மறுபடி இழுத்தான். வந்தது. உள்ளிருந்து யாரோ திரும்ப இழுத்தார்கள். வெடுக்கென்று இல்லை... மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி. பிளக் அவன் கையில் இருக்கிறது. மிஷின் செத்துக் கிடக்கிறது. தாள் மட்டும் போகிறது, வருகிறது. "அத்தை..." என்றான். தன் குரலே தனக்கு அடையாளம் தெரியவில்லை. பிடி விட்டது. தாள் கையோடு வந்தது.

நிழலின் விரல்கள் செர்வாவின் படத்துக்கு ஒரு நகக்கண் தூரத்தில் இருந்தன.

மணி ஒன்றரை. இன்னும் முந்நூற்றுச் சொச்சம் தாள் பாக்கி. ஒவ்வொரு தாளுக்கும் அது ஏறும். செத்த தாய் கர்ப்பிணி மகளைத் தேடி வந்தால் வெறும் கையோடு திரும்ப மாட்டாள் என்று நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அம்பாடுவும் கேட்டு வளர்ந்தவன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை என்று சிரிக்கலாம், பகலில். ராத்திரி ஒன்றரை மணிக்கு, எட்டு மாத வயிறு நினைவுக்கு வரும்போது சிரிப்பு வராது.

ஒரு யோசனை தோன்றியது. கம்ப்யூட்டரில் செர்வாவின் படத்தை எடுத்து உச்சியில் வைத்தான். டான்சோவையும் அடோமாவையும் கீழே இறக்கினான். கடைக்குட்டியை மூத்தவர் இடத்தில் வைப்பது மரியாதைக் கேடுதான். ஆனால் நிழல் ஏறி வர நேரமாகும். அதற்குள் நானூறும் முடிந்துவிடும்.

பிளக்கைச் செருகினான். ஒரு தாள் அடித்தான். அடி ஓரம் சுத்தமாக இருந்தது. டான்சோ சுத்தம். அடோமா சுத்தம். பெருமூச்சு விட்டான்... உச்சியைப் பார்த்தான்.

அங்கே இருந்தது நிழல். செர்வாவின் படத்துக்கு நேர் கீழே, அதே ஒரு நகக்கண் தூரத்தில்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அது அம்பாடுதான். படத்தை வைத்தால் அந்தக் கை தொட்டுவிடும். எடுத்தால், பெற்ற தாயின் மலரில் மகள் இல்லை. இவள் எங்கள் பிள்ளை இல்லை என்று குடும்பமே நானூறு பேருக்குச் சொன்ன மாதிரி ஆகும். ஏற்கெனவே வராதவள் என்ற பெயர் வேறு.

வரிசையைப் பழையபடி மாற்றினான். பிறகு செர்வாவின் படத்தை எடுத்தான். நாலு வரியையும் எடுத்தான். மற்ற இரண்டையும் பெரிதாக்கி அந்த இடத்தை மூடியிருக்கலாம், மனம் வரவில்லை. கீழே வெள்ளையாக ஒரு சதுரம். அவ்வளவுதான்.

அடித்தான். சுத்தம். நூறு... இருநூறு... நானூறு. ஒரு கறை இல்லை. வாசனையும் போய்விட்டது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டே தைத்துக் கட்டினான்.

காலை ஐந்து மணி. பந்தலில் கறுப்பும் சிவப்புமான துக்க உடையில் கூட்டம். உடல் கிடந்த அறைக்கு எட்டத்தில், பந்தலின் கோடியில் செர்வா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மலரை வாங்கினாள். மற்றப் பக்கங்களைப் புரட்டவே இல்லை. கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

"ஏங்க... நான் எங்க?"

"பிரிண்டர்ல கோளாறு செர்வா. அந்த இடம் மட்டும் விழல."

"நானூறுலயுமா?"

 அதற்குள் ஒபிரி மாமா வந்துவிட்டார், கையில் மலரோடு. "வராதவளுக்கு இடம் எதுக்குன்னு மாப்ளையே முடிவு பண்ணிட்டார் போல! நல்ல தீர்ப்பு."

"வராதவளா?" செர்வா நிமிர்ந்தாள். "என்னை யாரு மாமா கூப்பிட்டா?"

மாமா அம்பாடுவைப் பார்த்தார். அடோமா பார்த்தாள். அம்பாடு தலை குனிந்துகொண்டான். "கூப்பிட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே. நான்தான் சொல்லல. மழை... உன் வயிறு... காலைல போலாம்னு நெனச்சேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தான். அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.  செர்வா மெல்ல எழுந்தாள். கேட்டருகே மரணச் சுவரொட்டி ஒட்ட வைத்திருந்த மரவள்ளிப் பசை வாளி இருந்தது. அதில் விரலை விட்டாள். கைப்பையைத் திறந்தாள். போன வாரம் ஆஸ்பத்திரி அட்டைக்காக ஸ்டூடியோவுக்குப் போனபோது சேர்த்து எடுத்துக்கொண்ட முழுப் படம், இன்னும் உறை பிரிக்கவில்லை. உறையைக் கிழித்து அவனிடமே கொடுத்துவிட்டு, படத்தின் பின்னால் பசையைத் தடவினாள். வெள்ளைச் சதுரத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"எங்கம்மா கூப்பிட்டிருக்கா," என்றாள். "இதோ, வந்துட்டேம்மா."

 அம்பாடு மலரை அவள் கையிலிருந்து வாங்கினான். வெளிச்சத்துக்குத் திருப்பினான். தாள் சுத்தமாகத்தான் இருந்தது. எந்த ஓரத்திலும் ஒரு கறை இல்லை. நிம்மதியாக மூச்சு விடப் போனான்...

ஃபுளோரிடா வாட்டர் வாசனை.

படத்தை உற்றுப் பார்த்தான். வண்ணப் படம். நீல நிறத் திரைக்கு முன்னால் செர்வா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய வயிற்றின் மேல், சாம்பல் நிறத்தில், ஐந்து விரல்கள் விரித்த ஒரு கை.

கட்டைவிரலால் தேய்த்தான். அழியவில்லை. கிழித்த உறை அவன் இடது கையில்தான் இருந்தது. அந்தப் படம் அவனுடைய பிரிண்டருக்குள் போனதே இல்லை.