‘படம்’ என்று ஒரு போல்டர்

பச்சை நிறத்தில் பெரிதாக ‘இறக்கு’ என்று எழுதியிருந்தால் அதைத் தொடக் கூடாது. உண்மையான பொத்தான் எப்போதும் சின்னதாக, ஒரு மூலையில், கண்ணில் படாத நிறத்தில் இருக்கும். பரந்தன் சந்தியில் என் கடைக்கு வந்த எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன், சேர். உங்கள் மேசைக் கணினியில் அப்படி ஒரு பெட்டி திறந்து கிடக்கிறது. முதலில் அதை மூடுங்கள். ஓம், மேல் மூலையில் இருக்கிற அந்தப் புள்ளடிதான். இனிப் பேசலாம்.

கோகுலனின் கணினியைப் பார்த்து விளக்கம் சொல்லத்தான் என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டீர்கள். பார்த்துவிட்டேன். நீங்கள் எழுதி வைத்திருப்பதில் ஒரு பிழை இருக்கிறது. ‘சந்தேகநபர் கோகுலன் தானே தயாரித்த நிரலினால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோகுலனுக்கு நிரல் எழுதத் தெரியாது. ஒன்றைப் பார்த்து இன்னொன்று பிரதி எடுக்கத்தான் அவனுக்குத் தெரியும். அந்த வரியை வெட்டிவிடுங்கள். ஏன் என்று ஒழுங்காகச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த இடம் ஸ்கந்தபுரம். பல்கலைக்கழகத்தை முதல் வருடத்தோடு விட்டவன். பிறகு கொழும்பில் ஒரு கம்பெனியில் இரவு வேலை. இணையத்தில் எங்கெங்கே திருட்டுப் படங்கள் கிடக்கின்றன என்று தேடிப் பிடித்து, நீக்கச் சொல்லி அறிக்கை அனுப்ப வேண்டும். ஒன்றை நீக்கினால் விடிவதற்குள் அதே படம் வேறு நாலு இடத்தில் முளைத்திருக்கும். சாக்கடையைக் கரண்டியால் அள்ளுவது மாதிரியான வேலை. அதையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். ஏன் விட்டாய் என்று ஊரில் கேட்டார்கள். 

பரந்தனில் கடை போட்டேன். கணினி திருத்துவேன், அச்செடுத்துக் கொடுப்பேன். வாசலில் ஒரு பலகை வைத்தேன்: ‘படங்கள் சட்டப்படியும் பாதுகாப்பாகவும் இறக்கித் தரப்படும்.’ வடக்கில் அப்படி எழுதின ஒரே பலகை அதுவாகத்தான் இருக்கும். எதிர்ப்பக்கம் கோகுலனின் போன் கடை. பலகையை மாட்டின அன்றே அவன் வீதியின் அந்தக் கரையிலிருந்து கத்தினான்.

“என்ன மச்சான், இனிப் படம் பாக்கவும் லைசென்ஸ் எடுக்கோணுமோ? ஹெல்மெற்றும் போடோணுமோ?”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

சட்டப்படி படம் இறக்குவது கஷ்டம் இல்லை, சேர். பழைய படங்கள் பலதைத் தயாரித்தவர்களே தங்கள் பக்கங்களில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். புதிது வேண்டுமென்றால் விற்பவர்களிடம் வாங்க வேண்டும். அவர்களுடைய செயலிக்குள்ளேயே சேமித்தால் இணையம் இல்லாமலும் பார்க்கலாம். கடவுச்சொல் ஒன்று வேண்டும், வங்கி அட்டை ஒன்று வேண்டும், கொஞ்சம் பொறுமை வேண்டும். எங்கள் சனத்திடம் இந்த மூன்றும் இல்லை. கோகுலனிடம் பென்ட்ரைவைக் கொடுத்தால் தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் நிரப்பித் தருவான். படம் கொஞ்சம் இருட்டாக இருக்கும், யாரோ தியேட்டரில் இருமுவது கேட்கும், கீழே சூதாட்ட விளம்பரம் ஓடும். ஆனால் ஓடும். சனத்துக்கு அது போதும்.

என்னிடம் ஒழுங்காக வந்தது மீனம்மாவும் மகள் கஜனியும்தான். அவர்களும் ஸ்கந்தபுரம். கஜனி முன்பள்ளி ஆசிரியை. தாய்க்குக் கறுப்பு வெள்ளைப் படங்கள் பிடிக்கும். வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தது. நான்தான் அதைத் தூசி தட்டி ஓடவைத்துக் கொடுத்தேன். படம் இறக்குவது எப்படி, எந்தப் பக்கம் நல்லது, எதைத் தொடக் கூடாது என்று கஜனிக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தேன். அவள் கவனமாகக் கேட்பாள். கேட்கும்போது தலையைக் கொஞ்சம் சரிப்பாள். இது உங்கள் விசாரணைக்குத் தேவையில்லை, எழுத வேண்டாம்.

மீனம்மாவின் மகன் நிரோஜன் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். அதை நான் விளக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்த நேரத்தில் வீட்டு அல்பங்கள் எல்லாம் எங்கேயோ விடுபட்டுப் போய்விட்டன. அவருடைய முகம் இருக்கிற ஒரு துண்டுக் கடதாசிகூட அவர்களிடம் இல்லை. தாய்மார் காணாமல் போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் இருக்கிற போராட்டத்தில் மீனம்மா பெயரை எழுதின மட்டையைப் பிடித்துக்கொண்டு இருந்தா.

ஒருநாள் யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் வீட்டுப் பரணில் ஒரு கலியாண வீட்டு வீடியோக் கசற் கிடைத்ததென்று கொண்டுவந்தா. பூஞ்சணம் பிடித்த நாடா. ஒரே ஒரு தடவைதான் ஓடும் என்று தெரிந்தது. பழைய மெசின் ஒன்றைத் தேடிப் பிடித்து, நாடாவைப் பஞ்சால் துடைத்து, கணினிக்கு இணைத்து ஓடவிட்டேன். பந்தலுக்குள் ஒரு பெடியன் பூமாலைக் கூடையோடு போகிறான். யாரோ கூப்பிடுகிறார்கள். திரும்பி, “வாறன், வாறன், கத்தாதேங்கோ” என்று சிரிக்கிறான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாடா அறுந்துவிட்டது.

மீனம்மா அழவில்லை. “குரல் மறந்துபோச்செண்டு நினைச்சனான்” என்று மட்டும் சொன்னா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டா. என்னை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

அதை அவர்களுடைய கணினியில் நானே போட்டுக் கொடுத்தேன். கஜனியின் போனிலும் ஒன்று இருந்தது. போன் விழும், களவு போகும், அதில் வைத்திருப்பது பாதுகாப்பில்லை என்று அதை அழிக்கச் சொன்னேன். என் முன்னாலேயே அழித்தாள்.

இதற்குப் பிறகுதான் சிக்கல். சட்டப்படி இறக்கின படங்களுக்குத் தவணை உண்டு. தவணை முடிந்தால் திறக்காது. மீனம்மா கடைக்கு வந்து கதிரையில் இருந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

“தம்பி, அண்டைக்கு இறக்கின படம் திறக்குதில்லை.”

“தவணை முடிஞ்சுது அம்மா.”

“படம் எப்பிடியடா தம்பி பழுதாகும்? அதென்ன மீனே?”

கஜனி சிரித்துவிட்டாள். நான் உரிமம், ஒப்பந்தம் என்று விளங்கப்படுத்தினேன். அவ தலையை ஆட்டினா. தலையாட்டும்போதே வீதிக்கு அந்தப் பக்கம் பார்த்தா.

“கோகுலன் தம்பி தாற படம் பழுதாகாதாம். முன்வீட்டுச் சனம் சொல்லுது.”

“அது களவுப் படம் அம்மா.”

“நாங்கள் என்ன விக்கப் போறமே? பாத்திட்டு வைக்கிறதுதானே.”

கஜனி என்னிடம் மெதுவாக, “குறை நினையாதேங்கோ அண்ணா, அம்மாவுக்கு அந்தப் பாஸ்வேர்ட் விசயமெல்லாம் கரைச்சல்” என்றாள். நான் குறை நினைக்கவில்லை. உண்மையைத்தான் சொல்கிறேன். அன்று பின்னேரம் அவர்கள் கோகுலன் கடையிலிருந்து பென்ட்ரைவோடு வந்து பஸ் ஏறுவதைப் பார்த்தபோதும் குறை நினைக்கவில்லை. பலகையைக் கழற்றி உள்ளே வைத்தேன். வெயிலில் எழுத்து மங்குகிறது என்பதற்காக.

அடுத்த கிழமை கோகுலன் தன் கணினியைத் தானே தூக்கிக்கொண்டு வீதியைக் கடந்து வந்தான்.

“மச்சான், சரியா இழுக்குதடா. ஒருக்காப் பார். உன்னை விட்டா இஞ்ச ஆருக்குத் தெரியும்?”

பார்த்தேன். குப்பைகளை எல்லாம் துடைத்து, வேகமாக்கிக் கொடுத்தேன். கூடவே ஒரு சின்ன நிரலும் வைத்தேன். இதைத்தான் நீங்கள் அவன் பெயரில் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த நிரல் செய்வது மிக எளிது. கோகுலன் நிரப்பிக் கொடுக்கிற பென்ட்ரைவோடு சேர்ந்து போகும். வீட்டில் படத்தைத் திறந்தால், அந்தக் கணினியில் ‘படம்’ என்ற பெயரில் இருக்கிற போல்டரைத் தேடி, உள்ளே இருப்பதை அழிக்கும். அழித்த இடத்தில் வெறும் பூச்சியங்களை எழுதும். திரும்ப எடுக்க முடியாது. நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. களவுப் படங்களைக் கோகுலன் ‘படம்’ என்ற போல்டரில்தான் போட்டுக் கொடுப்பான். சனமும் அப்படியே வைத்திருக்கும். களவுப் படம் பார்ப்பவனுடைய களவுப் படம் அழியும். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகாது. பாதுகாப்பில்லாத படம் என்றால் என்ன என்று ஒரு தடவை பட்டால்தானே தெரியும்.

பிழை எங்கே நடந்தது என்றால், சேர், எங்கள் பாசையில். சினிமாவும் படம். போட்டோவும் படம். சனம் இரண்டையும் ஒரே போல்டரில் போட்டு வைத்திருந்தது. மகளின் சாமத்தியவீட்டுப் படம், மாதா கோயிலில் எடுத்த முதல்நன்மைப் படம், வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளையின் படம் எல்லாம் போய்விட்டன. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கடற்றொழிலாளியின் வீட்டில், கடலில் தவறின தகப்பனின் ஒரே படமும் போனதாம். பென்ட்ரைவ் அவ்வளவு தூரம் போகும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

சனம் கோகுலன் கடைக் கண்ணாடிகளை உடைத்தது. அவன் வலது கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று நீங்கள் சொன்னீர்கள். வருத்தம்தான். ஆனால் பிரதி எடுப்பதற்கு இடது கை போதும்.

நீங்கள் கேட்க வருவது தெரிகிறது. ‘படம்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது தமிழனான எனக்குத் தெரியாதா என்று. தெரியும். நிரலை எழுதும்போது அந்தச் சொல்லில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். சினிமாக் கோப்புகளை மட்டும் பெயர் பார்த்துத் தெரிந்தெடுக்க வைத்திருக்கலாம். அது நீண்ட வேலை. இது ஒரு சொல்லோடு முடிந்தது.

மீனம்மாவின் வீட்டுக் கணினியிலும் அப்படி ஒரு போல்டர் இருந்தது. அதை உருவாக்கினவன் நான். நிரோஜனின் வீடியோத் துண்டைப் போடும்போது கஜனி, “என்ன பேர் வைக்கிறது அண்ணா?” என்று கேட்டாள். “படம் எண்டு வையுங்கோ. அம்மாவுக்கும் வாசிக்க லேசு” என்றேன். அதை நான் மறந்திருக்கவில்லை.

கோகுலனின் கணினியைத் திருப்பிக் கொடுத்த பிறகு, கஜனியும் தாயும் அடுத்த தடவை பஸ்ஸால் இறங்கினதைக் கண்டேன். கஜனியின் கையில் பென்ட்ரைவ். வீதியைக் கடக்க நின்றார்கள். கூப்பிட்டிருக்கலாம். யாழ்ப்பாண பஸ் ஒன்று இடையில் வந்து நின்றது. அது போன பிறகும் நேரம் இருந்தது. மீனம்மா என் கடையைப் பார்த்துச் சிரித்துவிட்டு அந்தப் பக்கம் போனா. போகிறவர்களை மறிப்பது என் பழக்கம் இல்லை. எச்சரிக்கையை நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே இரண்டு பேரும் கணினியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். கஜனி வாசலிலேயே நின்றுவிட்டாள். மீனம்மாதான் கதைத்தா.

“தம்பி, பிள்ளையைக் காணேல்லை.”

கணினியை வாங்கி உள்ளே வைத்தேன். முயற்சி செய்து பார்க்கிறேன், நாளாகும் என்றேன். பிறகு அவ ஒவ்வொரு நாளும் வரத் தொடங்கினா. ஸ்கந்தபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து, மின்விசிறிக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பா. சில நாள் இடியப்பம் கொண்டுவருவா. போராட்டத்துக்கும் இப்போது போவதில்லை.

“ஏதும் தெரியுதோ தம்பி?”

“பாக்கிறன் அம்மா.”

“உம்மட்டை ஒரு பிரதி இல்லையோ? நீர்தானே முதல் எடுத்தது?”

“ஆக்களின்ரை சாமானை நான் வைச்சிருக்கிறேல்லை அம்மா. அது முறையில்லை.”

அவ தலையாட்டுவா. நான் சொல்வதை அவ இப்போது முழுக்க நம்புகிறா.

அந்தக் கணினியை நான் இன்னும் மின்சாரத்தில் செருகிப் பார்க்கவில்லை. தேவையில்லை. உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே. நிரோஜனின் துண்டு என் கணினியில் இருக்கிறது. நாடாவை ஓடவிட்ட அன்றே பதிவானது, அப்படியே இருக்கிறது. தெளிவான பிரதி. கடையில் ஆள் இல்லாத நேரம் போட்டுப் பார்ப்பேன். “வாறன், வாறன், கத்தாதேங்கோ.” நல்ல சிரிப்பு.

அதைக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். யோசித்திருக்கிறேன். அந்தக் கலியாண வீட்டு வீடியோவின் உரிமை அதை எடுத்த ஸ்ரூடியோக்காரருக்கு உரியது. அவர் இப்போது எங்கே என்று தெரியாது. அவருடைய அனுமதி இல்லாமல் முதல் தடவை எடுத்துக் கொடுத்ததே இரக்கத்தில் செய்தது. இன்னொரு தடவை எடுத்துக் கொடுத்தால் அது கோகுலன் செய்கிற வேலை. என் கையால் நான் ஒரு களவுப் பிரதியும் யாருக்கும் கொடுத்ததில்லை. இனியும் கொடுக்க மாட்டேன். இந்த வரியை மட்டும் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்துவிட்டால் தாருங்கள், வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கிறேன். கெதியாக முடிந்தால் நல்லது. மீனம்மா இப்போது கடை வாசலில் நிற்பா. பூட்டியிருந்தாலும் போக மாட்டா, நிழலில் நின்று காத்திருப்பா. எதிரில் கோகுலனின் தம்பி கடையைத் திறந்து, கண்ணாடி எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறான். அவ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.