வெறுமைக்குக் கீழே ஒரு பள்ளம்

ஏசியைக் கொஞ்சம் குறைக்கலாமா, மேடம்? குளிரோடே காலம் தள்ளுகிறவனுக்குக் குளிர் ஆகாது என்றால் சிரிப்பார்கள். ஆனால் எனக்கு ஆகாது.

இந்த ஆய்வகத்தில் என்னை ஐஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் உயரத்துக்குப் பீப்பாய் போலத் தொங்குகிறதே, அந்தக் குளிரூட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குளிர் சரியாக இருந்தால் என் நினைப்பே யாருக்கும் வராது. கெட்டுப்போனால் முதல் போன் எனக்கு. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

என் தங்கையின் ஆராய்ச்சியும் அந்தப் பீப்பாயை நம்பித்தான் இருந்தது. நீங்கள் இயக்குநர், உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்காகச் சொல்கிறேன். ஒன்றுமே இல்லாத வெறுமையிலும் ஒரு மெல்லிய இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் மீக்கடத்திச் சில்லு ஒன்றை நன்றாகக் குளிரவைத்து மைக்ரோவேவ் அலையைச் செலுத்தினால், அந்த இரைச்சலை ஒரு பக்கம் அமுக்கலாம். தலையணையை அமுக்கினால் மறுபக்கம் புடைக்குமே, அப்படி. அமுங்கிய பக்கத்தில் வெறுமையைவிட அமைதியான ஒளி கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாது. திரையில் ஓடும் கோட்டில் ஒரு பள்ளமாக விழும்.

ஒருமுறை விழுந்தது. என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"அண்ணா, வந்து பாரேன். விழுந்துடுச்சு."

பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. கருத்தரங்கில் சொன்னாள், கைதட்டினார்கள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, "இன்னொரு தடவை இதே மாதிரி காட்டிட்டா போதும்ணா. பெரிய ஆய்வகத்துல கூப்பிடுறாங்க, கிளம்பிடுவேன்" என்றாள்.

"அப்பா?"

"அதான் நீ இருக்கியே."

அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைப் பற்றி எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்கள்.

சில்லு குளிரும்போது பக்கத்தில் காந்தம் இருந்தால், அதன் சுவடு உலோகத்துக்குள் சிக்கிக்கொள்ளும். பிறகு காந்தத்தை எடுத்துவிட்டாலும், திரும்பச் சூடாக்கும்வரை சுவடு போகாது. மற்றதெல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும், பள்ளம் மட்டும் விழாது. காந்தத்தைத் தடுக்கும் கூட்டின் மூடியைத் திருகுவது நான்தான். கொஞ்சம் தளர்வாக விட்டேன். வெளியே, பீப்பாயின் அடியில் ஒரு காந்தத்தை ஒட்டினேன். குளிர்ந்ததும் எடுத்துவிட்டேன். ஒருமுறைதான் செய்வதாக இருந்தேன்.

அவள் விடவில்லை. கேபிளை மாற்றினாள், சில்லை மாற்றினாள், மறுபடி பழைய சில்லையே போட்டாள். ஒவ்வொரு தடவையும் பீப்பாயைச் சூடாக்கி, பிரித்து, பூட்டி, திரும்பக் குளிரவைக்கும் பாடு யாருடையது? எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. முகம் சுளிக்காமல் செய்தேன்.

"எங்க தப்பு பண்றேன்னே தெரியலைண்ணா" என்பாள்.

"சாப்பிட்டுட்டுப் பார்க்கலாம் வா" என்பேன்.

நீ தப்பு செய்கிறாய் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் காதுபடப் பேச ஆரம்பித்தார்கள், முதலில் காட்டியதே இட்டுக்கட்டியது என்று. அடுத்த கருத்தரங்கில் அவளே மேடையேறி, தான் பார்த்தது பிழை, மன்னிக்க வேண்டும் என்றாள். நான் முன்வரிசையில் இருந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று சைகையில் கேட்டேன்.

வேலையை விட்டுவிட்டாள். அப்பா போன பிறகும் வீட்டில்தான் இருக்கிறாள். பால் பொங்கினால்கூட, "அண்ணா, பொங்குதுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பை அணைக்கிறாள். கதவைப் பூட்டிவிட்டு என்னை இழுத்துப் பார்க்கச் சொல்கிறாள். இழுத்துப் பார்க்கிறேன். சலித்துக்கொண்டதே இல்லை.

அவள்தான் போய்விட்டாளே, இன்று எதற்காக என் கை பீப்பாயின் அடியில் இருந்தது என்கிறீர்கள். அவள் இடத்துக்கு வந்த பையன் அதே சோதனையைச் செய்கிறான். அவனுக்குப் பள்ளம் விழுந்துவிட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்? அதையும் யோசிக்க வேண்டியிருந்தது. அவனும் இப்போது சரியாகத் தூங்குவதில்லை என்கிறார்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆமாம், எல்லா முறையும் நான்தான். முதல் தடவை அவள் பார்த்தது நிஜம். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள், மேடம். தன்னையே நம்பாத அந்தப் பிள்ளை என்னை ஒருவனைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. அதையும் நீங்கள் கெடுத்துவிட்டால், அது பெரிய பாவம்.